குருவிகளின் பங்கு

786
சைகோன், 10 பிப்ரவரி 1928

பிரியமுள்ள மச்சான் பக்கீர் மைதீன் அவர்களுக்கு, ஜெய்த்தூன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் சுகமாக இருக்கிறேன். நீங்கள் காரைக்காலுக்குக் கப்பலேறிப் பதினாலு மாதம் ஆகிறது. அடுத்த கப்பலில் வருவதாக எழுதிய பிறகு ஆறு கப்பல் வந்து போய்விட்டது. குறை சொல்லவில்லை, எண்ணிக்கை சொல்கிறேன்.

கொல்லையில் பட்டுப்போன முருங்கையை வெட்டச் சொல்லியிருந்தீர்கள். வெட்டவில்லை. நெற்றியில் சிவப்புப் பொட்டு வைத்த பச்சைக் குருவி ஒன்று அதில் பொந்து குடைகிறது. சருகையும் எரிப்பதில்லை. வேலியோரம் குவித்ததில் அரணையும் தவளையும் குடிவந்துவிட்டன. தொட்டியில் தண்ணீர் விட்டு, கொசு வராமல் மீன்குஞ்சு போட்டிருக்கிறேன்.

அடுத்த வீட்டுப் புதுச்சேரிக்கார மாதலேன் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏம்மா பீவி, புருசன் வர்றதுக்குள்ள வூட்டைக் காடாக்கிப்புடுவ போலிருக்கே! பாம்பு வந்தா என்ன பண்ணுவ?" என்றாள்.

"வந்தா உன் வூட்டு வழியாத்தான் வரணும். நீயே புடிச்சுக்க," என்றேன்.

கொய்யாவில் கைக்கு எட்டுவதை மட்டும் பறிக்கிறேன். மேல்கிளை குருவிக்கும் வௌவாலுக்கும். ஒருவர் நட்ட மரத்தில் பறவை தின்றாலும் அது அவருக்குத் தர்மம் என்று பள்ளிவாசல் ஆலிம்சா சொன்னார். தின்றதைத் தினம் நோட்டில் எழுதிவருகிறேன். நீங்கள் நட்ட கொய்யா, நான் நட்ட வாழை, பப்பாளி, எல்லாம் உங்கள் பேரில்தான். உங்கள் துணிமூட்டைகளில் ஒட்டிய சீட்டைப் பார்த்து நான் படித்த எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். அல்லாஹ்விடம் கணக்கு இருக்கிறது. இது எனக்கு.

தங்கள்
ஜெய்த்தூன் பீவி


காரைக்கால், 6 மே 1928

ஜெய்த்தூனுக்கு ஸலாம். உன் குருவிக் கணக்கைப் படித்தேன். உனக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

அங்கே துணிக்கடை வைத்திருக்கும் தாஜுதீன் நானா நம் கொல்லையை வாங்கித் துணிக் கிடங்கு கட்டப் போகிறார். மரங்களை வெட்டி, தொட்டியை மூடி, தரையைச் சமமாக்கி வை. நம் நிக்காஹ்வில் மஹராக உனக்கு எழுதிக்கொடுத்த இடம் என்பதால் உன் கையெழுத்து வேண்டும். பத்திரம் இத்துடன் இருக்கிறது.

இன்னொன்று. ஷவ்வால் மாதம் மதார் பீவியை நிக்காஹ் செய்துகொண்டேன். உம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. இனி நான் அங்கே வருவதற்கில்லை. வீட்டில் நீ தாராளமாக இருந்துகொள்ளலாம்.

பக்கீர் மைதீன்


786
சைகோன், 8 ஜூலை 1928

ஜனாப் பக்கீர் மைதீன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கடிதமும் பத்திரமும் கிடைத்தன. மதார் பீவிக்கு என் ஸலாம். மாமியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன். கொல்லை என் மஹர். என் செலவுக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம். தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறேன், அந்தப் பணம் போதும்.

மாதலேனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள்தான் அழுதாள். "நீ அழமாட்டியாடீ?" என்று கேட்டாள்.

"தொட்டிக்குத் தண்ணி ரொப்பணும்," என்றேன்.

மறுநாள் சுவர் வழியாக ஒரு செம்பருத்திக் கம்பை நீட்டி, "வையி, தேன்சிட்டு வரும்," என்றாள். வைத்திருக்கிறேன். துளிர்த்துவிட்டது.

முருங்கைப் பொந்திலிருந்து குஞ்சு இரண்டும் பறந்துவிட்டன. இப்போது அதில் மைனா இருக்கிறது.

முஹர்ரம் பிறந்து வருஷம் மாறியதும் புது நோட்டுப் போட்டேன். கொய்யா உங்கள் கையால் நட்டது. அதன் தர்மம் உங்களுடையதே, அதில் நான் கை வைக்க முடியாது. வாழையும் பப்பாளியும் தொட்டித் தண்ணீரும் என்னுடையவை. அவற்றை இனி என் பேரில் எழுதுகிறேன்.

இன்று நோட்டில் உங்கள் பக்கத்தில் கொய்யா மூன்று. அணில் தின்றது.

ஜெய்த்தூன் பீவி