செல்விக்குப் பார்த்த ஊரின் தண்ணீர்

ஐப்பசி 14, திங்கள்

விடியலிலிருந்து தூறல். துணி காயவில்லை. சஷ்டி விரதம் முதல் நாள்.

வெள்ளிக்கிழமை மகள் செல்விக்குப் பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளை வாத்தியார். ஊர் ராமநாதபுரத்துக்கும் கீழே, கடலுக்கு மூன்று மைல். குடிதண்ணீர் எப்படி என்று இவரிடம் கேட்டேன். செல்வியின் பள்ளிக்கூட வரைபடத்தை விரித்து விரலால் இழுத்துக் காட்டினார். முல்லையாறு, தேனிக்குக் கிழக்கே வைகை, அணை, மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ரா.புரம், கடல்.

"நம்ம மார்க்கையன்கோட்டைத் தண்ணிதான் அங்கன போகுது. நீ இங்கன குளிச்சா அவ அங்கன குடிப்பா."

சிரிப்பு வேறு.

ஐப்பசி 15, செவ்வாய்

வெயில் லேசாக. கருவாட்டுக்கார அக்கா வந்தாள். பிறந்த ஊர் ரா.புரத்துக் கடலோரம். விரதம், கருவாடு வாங்கவில்லை, பேச்சு மட்டும்.

"ஆறா? வழி நெடுக கண்மாய் கண்மாயா வாங்கிக்கிருவாக. மிச்சம் ரா.புரம் பெரிய கண்மாயில போயி படுத்துக்கிரும். அது நெறஞ்சு வழிஞ்சாத்தான் கடலு. அதுக்குக் கீழ தரை தட்டாட்டம் கெடக்கு ஆத்தா, எங்க தோண்டுனாலும் உப்பு. குடிக்க ஊருணிதான்."

இவரிடம் சொன்னேன்.

"கருவாடு விக்கிறவ பேச்சக் கேட்டுச் சம்பந்தத்த விடவா?"

நாளை அந்த ஊருக்குப் போகிறார், எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டுவர. தகர டின் ஒன்றைக் கையில் கொடுத்தேன். அவர்கள் கிணற்றுத் தண்ணீர் வேண்டும்.

"தண்ணி மோந்தா செய்வினை வைக்கவான்னு கேப்பாக!"

"தீர்த்தம்னு சொல்லுங்க."

ஐப்பசி 17, வியாழன்

நேற்று எழுதவில்லை. தலைவலி. இன்று மத்தியானம் வந்துசேர்ந்தார், டின் நிறையத் தண்ணீர்.

ஒரே துவரம்பருப்பு, இரண்டு சட்டி. நம் தண்ணீரில் அரை மணியில் மசிந்தது. அவர்கள் தண்ணீரில் இரண்டு மணி நேரம், இன்னும் விதை விதையாக.

"பருப்பு பழசு" என்றார்.

அதே பருப்புதான் என்றேன்.

"வெறகு ஈரம்."

அதே விறகு.

"வாக்குக் குடுத்தாச்சு." துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். வாக்கில் பருப்பு வேகுமா?

நம் வீட்டில் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 5 குடம். புழங்க 9. ஆறு கூப்பிடு தூரம். அங்கே எத்தனை குடம், எவ்வளவு நடை? யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். முருகா, நீயாவது சொல்.

ஐப்பசி 18, வெள்ளி

நல்ல வெயில். ஏழு பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நேராக அடுப்படிக்கு வந்து, மூன்று சொம்பு தண்ணீர் குடித்தார். நான் மறைக்கவில்லை, உங்கள் ஊரில் தண்ணீர் எப்படி என்று கேட்டுவிட்டேன். அவரும் மறைக்கவில்லை.

"உப்புத்தான் மதினி. ஊருணி ரெண்டு மைலு. கோடையில அதுவும் சேறு. இம்புட்டு நாளும் நாந்தேன் சொமந்தேன், இப்ப முழங்கால் போச்சு. அதுக்குத்தேன் வெரசா மருமக வேணுங்குறது."

கோபம் வந்தது. பூத்தட்டை எடுக்காமல் நின்றேன். கூடத்திலிருந்து இவர் கனைக்கிறார். கதவோரம் செல்வி.

"அத்தை, ஒங்க மகனுக்கு முழங்கால் எப்புடி இருக்கு?"

"ஏய்!" என்றேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அவனுக்கென்ன ஆத்தா, பத்து மைலு சைக்கிள் மிதிக்கிறான்."

"அப்ப பின்னால ரெண்டு குடம் கட்டலாம்ல."

"கட்டலாம் ஆத்தா. நாஞ் சொல்லிக் கேக்கல, நீ சொல்லு, கேப்பான்."

அந்த அம்மா பூவை எடுக்க, செல்வி தலையைக் குனிந்துகொடுத்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. கோடையில் ஊருணியே வற்றினால் சைக்கிளில் எதைக் கட்டுவது என்று கேட்க நான் வாயெடுப்பதற்குள் குலவை போட்டுவிட்டார்கள்.