ஏங்க, உள்ள வாங்க

ஆகஸ்ட் 4, திங்கள்

பரசுராமன் மளிகைக்கடைக் கண்ணாடிக் கதவில் புதிதாக ஒரு அட்டை ஒட்டியிருக்கிறான். 'நாய்களுக்கு அனுமதி இல்லை.' சிவப்பு எழுத்து. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எதையும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இதைக் கூட்டாமலே படித்துவிட்டேன்.

இந்த வேங்கிக்காலில் வீட்டுக்கு வீடு நாய் இருக்கிறது. கடைக்குக் கூட்டிக்கொண்டு போவது நான் ஒருத்திதான். அப்புறம் அது யாருக்கு எழுதினது?

மருமகள் அருணா, "பொதுவா போட்டிருப்பாங்க அத்தை" என்றாள். பொதுவாம்.

எனக்கு எல்லாச் சண்டையும் தேதியோடு ஞாபகம் இருக்கிறது. வாயால் சொன்னால், "அப்படியெல்லாம் நடக்கலம்மா" என்று மகன் அறிவு மழுப்பிவிடுகிறான். அதனால்தான் அவன் ஆபீஸில் கொடுத்த இந்த டைரியில் எழுதி வைக்கிறேன். இதையும் எழுதியாச்சு.

ஆகஸ்ட் 5

இன்றைக்கும் அட்டை இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

பேத்தி சினேகா ஹாஸ்டலில் இருந்து வந்திருக்கிறாள். நாய் அவள் கொண்டுவந்ததுதான். சென்னையில் யாரோ வீடு மாற்றும்போது விட்டுப் போனார்கள் என்று தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் விட்டாள். வரும்போதே பேரோடு வந்தது. வேறு பேர் சொன்னால் காதைக்கூட அசைக்கவில்லை. அந்தப் பேரோ என் வாயில் வராது. செத்துப்போன என் வீட்டுக்காரர் பேரின் பின்பாதி அது. எழுதினால் தப்பில்லை ஆயா என்கிறாள் சினேகா. கை வரவில்லை. நீயே எழுது என்று டைரியை அவளிடம் கொடுத்தேன்.

தாத்தா பேர் சுப்பிரமணி. நாய் பேர் மணி. (எழுதியது சினேகா. இதைப் பார்த்துக்கூட ஆயா வெட்கப்படுகிறார்.)

வெட்கமெல்லாம் இல்லை. பழக்கம். கல்யாணமாகி ஐம்பத்திரண்டு வருஷம், அவர் போய் ஆறு வருஷம். இன்னும் நேரம் கேட்டால் 'எத்தனை அடிச்சுது' என்றுதான் கேட்கிறேன். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் சொல்கிற பேரிலும் அந்த இரண்டு எழுத்து வருகிறது. கீழ்பென்னாத்தூரில் மாமனார் நிலம் முழுக்க அதுதான் பயிர். நான் அந்தப் பேரை விட்டுவிட்டு மல்லாட்டை, மல்லாட்டை என்றே சொல்லி அறுவடை பண்ணினேன். இப்போது ஒரு நாய்க்காக வாயை மாற்றிக்கொள்வேனா?

அவரைக் கூப்பிட்ட மாதிரியே 'ஏங்க' என்று கூப்பிட்டேன். முதல் நாள் திரும்பிப் பார்த்தது. நாலாம் நாள் எழுந்து வந்து நின்றது. வாங்க போங்க என்றான பிறகு இங்கே மட்டும் அது இது என்று எழுதுவது நன்றாக இல்லை. இனிமேல் இந்த டைரியில் 'இவர்' என்றால் நாய்.

எனக்கு இடது கண்ணில் ஓரம் தெரியாது. போன பார்வை போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வருஷம் ஒரு பைக் இடதுபக்கம் வந்து இடித்தது. இவர் வந்ததிலிருந்து என் இடதுபக்கம்தான் நடக்கிறார். வண்டி வந்தால் என் காலை ஒட்டி நின்றுவிடுவார், நானும் நின்றுவிடுவேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இவர் இல்லாமல் நான் ரோடு தாண்ட முடியாது. யாரையும் கேட்காமல் நான் போய்வருகிற ஒரே இடம் அந்தக் கடைதான். அதுதான் பரசுராமனுக்குப் பொறுக்கவில்லை போல.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடை வாசல் கம்பத்தில் இவரைக் கட்டிவிட்டு உள்ளே போனேன். துவரம்பருப்பு எடுப்பதற்குள் வெளியே சத்தம். நாலு தெருநாய் சூழ்ந்துகொண்டன. கட்டிப் போட்டிருக்கிறவர் என்ன செய்வார்? காது கிழிந்து ரத்தம். கூடையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அறிவு சொல்கிறான்: "இனிமே நீங்க போகவே வேணாம்மா. போன்ல சொன்னா வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துடறாங்க."

யார் சொல்வது பார். இவனால்தானே அந்தக் கடையோடு முதல் சண்டை. எண்பத்திரண்டாம் வருஷம், ஆடிப் பதினெட்டு. அப்போது கடை தேரடியில் இருந்தது. பரசுராமனுடைய அப்பா கல்லாவில். என் இடுப்பில் அறிவு, ஒன்பது மாசம். முன்னால் வைத்திருந்த வெல்ல மூட்டை மேல் மூத்திரம் போய்விட்டான். "குழந்தைய வீட்ல விட்டுட்டு வரத் தெரியாதா?" என்று அந்த ஆள் பத்துப் பேர் முன்னால் கத்தினார். வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருந்தார்கள்? பதினோரு வருஷம் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. நாங்கள் வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு வந்தால் பரசுராமனும் இங்கேயே வந்து கடை போடுகிறான். கண்ணாடிக் கதவு, ஏசி.

யோசித்தால், அந்தக் காலத்தில் கடைக்குள்ளே மனுஷரே போக மாட்டோம். பலகை ஓரம் நின்று கேட்போம், அவர்கள் கட்டிக் கொடுப்பார்கள். இப்போது எல்லோரும் உள்ளே போய் நாமே எடுக்கிறோம். அதனால்தான் யார் உள்ளே, யார் வெளியே என்ற வழக்கே வந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

போனில் சொல்லி வாங்கிய முருங்கைக்காய் முற்றல். தேங்காய் அழுகல். தட்டிப் பார்க்காமல் தேங்காய் வாங்குவது என்ன வாங்குவது? சாயங்காலம் நாலு அடித்தால் இவர் கதவண்டை போய் நிற்கிறார். என்னைப் பார்க்கிறார். நான் டிவியைப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 30

சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் எட்டு நடை நடந்தேன். இவரும் கூடவே எட்டு நடை. முட்டி வீக்கம் ஜாஸ்தி.

செப்டம்பர் 14, ஞாயிறு

தேய்பிறை அஷ்டமி. அருணா வண்டியில் கூட்டிக்கொண்டு போனாள், பைரவர் சந்நிதியில் நல்ல கூட்டம். வரும் வழியில் பரசுராமன் கடை. வாசலில் மேஜை போட்டு பிஸ்கட் பாக்கெட் அடுக்கி, 'பைரவருக்கு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் வாங்கித் தெருநாய்க்குப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். இவர் காதைக் கிழித்ததும் அதில் ஒன்று. வயிறு புடைக்கத் தின்கிறது.

மேஜையண்டை கடையில் வேலை செய்கிற ரேவதி. "ஏம்மா, கதவுக்கு இந்தப் பக்கம் பைரவர், அந்தப் பக்கம் போனா நாயா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் கேக்கறீங்க ஆயா. ஆனா அட்டை ஒட்டினது நான் இல்லியே" என்றாள். அவள் மேல் கோபமில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

இன்றைக்கு நான்பாட்டுக்கு இவரோடு கிளம்பிவிட்டேன். அருணாவிடம் சொல்லவில்லை. கட்டாமல், கண்ணில் படுகிற மாதிரி வாசல் ஓரம் உட்காரவைத்துவிட்டு வாங்குவது என்று எண்ணம். கதவை ஒரு கையால் திறந்து பிடித்துக்கொண்டே ரேவதியிடம் உளுந்து கேட்டேன். அப்போது மழை பிடித்தது. எங்கள் ஊர் மலையே தெரியாத மழை. சாரல் இவர் மேல் அடிக்கிறது.

"ஏங்க, நனையறீங்க பாருங்க, இப்படி ஓரமா வாங்க" என்றேன்.

பரசுராமன் பில் போடுகிற மிஷினில் இருந்து தலையைத் தூக்கவில்லை. என் வீட்டுக்காரர் போனது அவனுக்குத் தெரியாது போல. "வீட்டுக்காரரா? பெரியவரை மழையில நிக்க வெச்சுட்டு நீங்க மட்டும் வந்துட்டீங்களேம்மா. உள்ள கூப்டுங்க" என்றான்.

ரேவதி வாயைப் பொத்திக்கொண்டாள். சும்மா இரு என்று கண்ணைக் காட்டினேன்.

"அவரு கூச்சப்படறாருங்க. கடைக்காரர் நீங்க ஒரு வார்த்தை கூப்டுங்க" என்றேன்.

மனுஷன் எழுந்தே வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, தோள் துண்டால் துடைத்து, மழையில் மங்கிய கண்ணாடிக் கதவுப் பக்கம் குரல் கொடுத்தான். "ஐயா, உள்ள வாங்க. நம்ம கடைதான்."

வந்தார். நடுக்கடையில் நின்று மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறினார். அப்பளக்கட்டு, தீப்பெட்டி பண்டல், பரசுராமன் சட்டை, எல்லாவற்றிலும் தண்ணீர்.

"இன்னாம்மா இது?"

"நீங்கதான கூப்ட்டீங்க. நம்ம கடைதான்னு வேற சொன்னீங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவேனா? எண்பத்திரண்டு, ஆடிப் பதினெட்டு, வெல்ல மூட்டை, எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன்.

அப்போதுதான் ஒரு அழுகைச் சத்தம் வந்தது.

பில் மேஜைக்கு அடியில் ஒரு பிள்ளை இருந்ததே எனக்குத் தெரியாது. பரசுராமன் பேத்தி மதிவதனி, ரெண்டாம் வகுப்பு. வீட்டுப்பாட நோட்டோடு வெளியே பாய்ந்து, இவருக்குத் துடைத்துப் போட்ட நாற்காலி மேல் ஏறி நின்று நடுங்கினாள். பரசுராமன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி தொடையில கடிச்சிடுச்சும்மா. அஞ்சு ஊசி. ஜூலையிலேருந்து ஸ்கூல் விட்டு இங்கதான் இருக்கா. அட்டை இவளுக்காகத்தான்" என்றான். கத்தவில்லை. அவன் அப்பா மாதிரி கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இவரைக் கூட்டிக்கொண்டு மழையிலேயே வந்துவிட்டேன். உளுந்தையும் விட்டுவிட்டு.

செப்டம்பர் 19

ஒன்றரை மாசம் தப்பான காரணத்துக்குக் கோபப்பட்டிருக்கிறேன். முதல் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. நடந்தது நடந்ததுதானே.

எனக்கு இவர் இல்லாமல் ஆகாது. அந்தப் பிள்ளைக்குப் பயமில்லாமல் உட்கார ஒரு இடம் வேண்டும். இரண்டுக்கும் இருப்பது ஒரே கதவு. அவன் இடத்தில் நான் இருந்தால் அட்டை ஒட்டியிருக்க மாட்டேனா? இன்னும் பெரிதாக ஒட்டியிருப்பேன்.

செப்டம்பர் 25, வியாழன்

போன திங்களிலிருந்து கடை எதிரே படியில் நானும் இவரும் உட்கார்ந்துகொள்கிறோம். ரேவதி சாமானை வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறாள். மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு மதிவதனி பார்ப்பாள். இன்றைக்குக் கதவை ஒரு விரல்கடை திறந்தாள்.

"ஆயா, அத ஏன் வாங்க போங்கன்றீங்க?"

பேர் சொல்லக்கூடாது, எங்கள் வீட்டுக்காரர் பேர் என்றேன்.

"அப்ப நான் சொல்லலாமா?"

"உனக்கு இன்னா, நீ தாராளமா சொல்லலாம்."

"இன்னா பேரு?"

"அதத்தான என்னால சொல்ல முடியாது."

டாமியா, புரூனோவா, ஜானியா என்று கதவிடுக்கு வழியே கேட்டாள். இவர் ஒன்றுக்கும் அசையவில்லை. உங்கள் ஸ்கூலில் சாப்பிட விடும்போது ஒன்று அடிப்பார்களே, அது என்றேன். "பெல்லு!" என்றாள். சரி, உங்கள் தாத்தா காலையில் சாமி படத்துக்கு முன்னால் கையில் பிடித்து ஆட்டுவாரே? "அதுவும் பெல்லுதான்!" எனக்கு வேறு வழி தெரியவில்லை. உள்ளே பரசுராமனுக்குப் பொறுக்கவில்லை. தமிழில் சொல்லுடி என்று அவனே அந்தப் பேரைச் சொல்லிவிட்டான்.

இவர் காது இரண்டும் நின்றன. கிழிந்த காதும்தான்.

மதிவதனி கண்ணாடிக்குப் பின்னால் இருந்து மெதுவாகச் சொன்னாள். இவர் எழுந்தார். பயந்து கதவைச் சாத்தினாள். மறுபடி திறந்து, பேரைச் சொல்லி, உக்காரு என்றாள். உட்கார்ந்தார்.

"நான் சொன்னா கேக்குது தாத்தா."

ஒன்பது தடவை எழுப்பி ஒன்பது தடவை உட்காரவைத்தாள். நான் எண்ணினேன். முட்டி வலிக்கிறவர் முகம் மாதிரி ஆகிவிட்டது இவருக்கு.

அக்டோபர் 6, திங்கள்

இன்றைக்கு அவளே கதவை முழுசாகத் திறந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "போங்க" என்றேன். போனார்.

பில் மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு சாக்கு விரித்திருக்கிறான் பரசுராமன். அதுவரைக்கும்தான். அரிசிப் பக்கம் போகக்கூடாது. நியாயம். அரிசியில் முடி கிடந்தால் முதல் ஆளாக நானே சண்டைக்குப் போவேன்.

தேங்காய் ஏழு தட்டிப் பார்த்து ஒன்று எடுத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

பரசுராமன் தானாகவே அந்த வெல்ல மூட்டைப் பேச்சை எடுத்தான். அன்றைக்கு அவனும் கடையில் இருந்தானாம், பத்து வயசு. "நீங்க போனப்புறம் அப்பா அந்த மூட்டையைக் கீழ கொட்டலம்மா. மேல மட்டும் வழிச்சுப் போட்டுட்டு, வித்துட்டாரு" என்று சொல்லிச் சிரிக்கிறான்.

அந்த வருஷம் தேரடியில் யார் யார் பொங்கல் வைத்தார்களோ. நான் அங்கே வாங்கவில்லை. பதினோரு வருஷம் கோபமாக இருந்ததில் அது ஒரு லாபம். அப்பா மேல் உள்ளது அப்பா மேல் அப்படியே இருக்கிறது. மகனுக்கு அதில் பங்கில்லை என்று இன்றைக்கு எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 27, திங்கள்

முட்டி வீக்கம் கம்மி. சாயங்காலம் நாலு அடித்ததும் கிளம்பினோம். அறிவு வாசலில் வண்டி நிறுத்திக்கொண்டிருந்தான். நான் மறந்துவிட்ட பையை எடுத்துக் கொடுத்தான்.

கடைக் கதவில் அட்டை அப்படியேதான் இருக்கிறது. அதன் கீழே பச்சை ஸ்கெட்ச் பேனாவால் மதிவதனி இன்னொரு வரி எழுதியிருக்கிறாள். அந்தப் பேர், பக்கத்தில் 'வரலாம்'. 'ர'வுக்குப் பதில் 'ற' போட்டிருக்கிறாள்.

கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் வந்தார். மலை பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்ட வெளியூர் அம்மாள். தமிழ் பேச வருகிறது, படிக்க வரவில்லை. இவர் உள்ளே சாக்கு மேல் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, அட்டையைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

ரேவதி உள்ளே. பரசுராமன் உள்ளே. மதிவதனி இவர் முதுகில் நோட்டை வைத்துக் கணக்குப் போடுகிறாள். வாய்விட்டுப் படிக்க நான் ஒருத்திதான் வாசலில்.

"நாய் உள்ள வரக்கூடாதுன்னு எழுதியிருக்கும்மா" என்றேன். "எங்க வீட்டுக்காரர் மட்டும் வரலாம்."