தொண்டை சரியில்லை

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் வாயாடித் தங்கை எழுதுவது. எல்லாரும் சுகம், உன் மாப்பிள்ளைக்கு மட்டும் முட்டிவலி. போன் செய்தால் "மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம்.

எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள மறைக்கல்வி அறையில், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்குக் குழு சிகிச்சை நடத்துகிறேன் அல்லவா? வட்டமாக உட்கார்ந்து மனதில் இருப்பதைப் பேசுவார்கள். பெயர்களைச் சொல்ல மாட்டேன். அது குழுவின் சட்டம். அதில் ஒரு தையல்கார அம்மா. "கடவுள் மேல எனக்குக் கோவமா வருது" என்று அவர் விசும்பத் தொடங்கினால் போதும், பக்கத்தில் இருக்கும் டீச்சர் கண்ணை மூடி, "அருள் நிறைந்த மரியே" என்று மங்கள வார்த்தை செபத்தை ஆரம்பித்துவிடுகிறார். எல்லாரும் சேர்ந்துகொள்கிறார்கள். கொதிக்கிற பானைக்கு மூடி போட்ட மாதிரி அழுகை நின்றுவிடுகிறது. வாராவாரம் இதே கதை.

சிகிச்சை தருகிறவள் தடுக்கத்தான் வேண்டும். செபத்தைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்ய? குருவானவன் நீதான் சொல்ல வேண்டும்.

உன்,
வாயாடி

மார்ச் 11

அன்புத் தங்கச்சி,

மாப்பிள்ளையை மாடிப்படி ஏறவிடாதே. மனசைப் படித்தவள் நீ, என்னைக் கேட்கிறாயே! சிலுவையில் தொங்கியவரே தம் தந்தையிடம் ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டார். கோபமும் செபம்தான் என்று அந்த அம்மாவிடம் சொல். டீச்சரைத் தடுக்காதே, யாருக்காகச் செபிக்கிறீர்கள் என்று மட்டும் கேள்.

நம் அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு எனக்குத் தொண்டை சரியில்லை. நான் வைக்க வேண்டிய பூசையை உதவிக் குருவானவர் பார்த்துக்கொள்கிறார். கவலைப்படாதே.

அண்ணன்

மார்ச் 20

அண்ணா,

கேட்டேன். டீச்சர் மூடியிருந்த கண்ணைத் திறந்தார். அப்புறம், "எனக்காகத்தாம்மா. மத்தவங்க அழுதா, அடுத்தது என் முறை வந்துடுமோன்னு பயமா இருக்கு" என்றார். இறந்துபோன மகளைப் பற்றி அன்றுதான் வாய் திறந்தார். அழுது முடிக்கும்வரை யாரும் குறுக்கிடவில்லை. தையல்கார அம்மா அவர் கையைப் பிடித்து, "இப்ப சொல்லலாமா டீச்சர்?" என்று தானே செபத்தை ஆரம்பித்தார். எனக்கே குரல் உடைந்துவிட்டது.

இனி உன் தொண்டை. அம்மாவின் அடக்கப் பூசையை நீதான் வைத்தாய். எல்லாருக்கும் ஆறுதல் சொன்னாய், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இது டாக்டர் டார்ச் அடித்துப் பார்க்கிற தொண்டை இல்லை, அண்ணா. என் குழுவுக்கு நீ வர முடியாது. தங்கை முன்னால் சிரித்தே சமாளிப்பாய். என்னோடு படித்தவர் உன் ஊர்ப் பக்கத்தில், வேண்டியவர்களை இழந்தவர்களுக்கு ஒரு குழு நடத்துகிறார். போய் உட்கார். கோபித்துக்கொள்ளாதே.

வாயாடி

ஏப்ரல் 9

தங்கச்சி,

கோபம்தான் வந்தது. பிறகு போனேன்.

அங்கியைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "ஒரு செபத்தோட ஆரம்பிச்சு வைங்க ஃபாதர்" என்றார் ஒரு பஸ் டிரைவர். வாயைத் திறந்தேன், வரவில்லை. "என்னால முடியல. எங்கம்மா செத்துப்போயிட்டாங்க" என்றேன், சின்னப் பிள்ளை மாதிரி. டிரைவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "அம்மா எப்படி இருப்பாங்க ஃபாதர்?" என்று கேட்டார். குருவானவன் ஆனபிறகு என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. சொன்னேன். சொல்லச் சொல்ல அழுதேன்.

நேற்றுப் பூசையில் நற்செய்தி வாசிக்கிறவரை குரல் வந்தது. மீதியை உதவிக் குருவானவர் முடித்தார். இப்போதைக்கு இது போதும்.

ஞாயிறு மதியம் நான் தங்கும் பங்குமனைக்கு வா. டாக்டரம்மாவாக வேண்டாம்; அந்த வேலைக்கு எனக்கு ஆள் கிடைத்தாயிற்று. அடக்கத்தன்று நீயும் வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக்கொண்டே இருந்தாய். பார்த்தேன். அம்மா எனக்கு மட்டுமா அம்மா?

வா. யாருக்கு முதலில் அழுகை வருகிறதோ, மற்றவர் துண்டு எடுத்துக் கொடுக்கலாம்.

உன்,
அண்ணன்