முதுகில் சின்னவன் பெயர்

பிப்ரவரி 9

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்பதைப் பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பேப்பர்காரனுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சரியாகவே பேசவில்லை என்று அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாமே. எப்படிப் பேசுவது? முகாமில் போனை வாங்கி வைத்துக்கொண்டு வாரத்துக்குப் பத்து நிமிடம் கொடுக்கிறார்கள். உனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நின்று தொண்டையைச் செருமுவது இங்கே வரை கேட்கிறது. நம் விஷயம் அப்படி நாலு பேர் காதில் விழுகிற விஷயமா? அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். நீயும் எழுது. கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

தேசிய கிரிக்கெட் அணி முகாமில் மூன்று இளம் வீரர்கள் என்று அரைப் பக்கம் போட்டிருக்கிறார்கள். நடுவில் நீ. பத்தொன்பது வயதிலேயே தொடக்க ஆட்டக்காரராம். எங்கள் ஃபேக்டரியில் அந்தப் பேப்பர் காலர் தைக்கிற வரிசையிலிருந்து பட்டன் வைக்கிற வரிசை வரைக்கும் போய், மெஷின் எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தது. எங்கள் சூப்பர்வைசர் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளே என் பக்கத்தில் வந்து நின்று, உங்க பையனாமே என்று கேட்டாள். அன்றைக்கு மூன்று காலரைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். அவளே பிரித்துக் கொடுத்தாள்.

அப்பா படித்தார். மடித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் டிப்போவுக்கு வேலைக்குப் போய்விட்டார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இனிமேல் மைக்கை நீட்டிக்கொண்டு வருவார்கள். பிறந்த நாள் கேட்டால் யோசிக்காமல் சின்னவன் தேதியைச் சொல். போன மாதம் டிவியில் ஒரு நொடி திணறினாய். பதின்மூன்று முடிந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது, சிறுவர் அணியில் சேர்க்க முடியாது என்று உன்னைத் திருப்பி அனுப்பினார்களே, நீ இரண்டு நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாயே. அடுத்த வாரமே வேறு அகாடமிக்குக் கூட்டிப்போய், செத்துப்போன உன் தம்பியின் பிறப்புச் சான்றிதழை மேஜைமேல் வைத்தவள் நான்தான். அப்பா வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து வெளியே நீ சின்னவன், வீட்டுக்குள் பெரியவன். ஒன்பது வருடம் கட்டிக்காத்துவிட்டோம். இப்போது உளறிக் கொட்டிவிடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வெறும் வயிற்றோடு வெயிலில் ஓடாதே.

அம்மா


பிப்ரவரி 17

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. முகாமில் யாருக்கும் கடிதம் வருவதில்லை. எனக்கு மட்டும் வருவதால், காதலி யாரோ எழுதுகிறாள் என்று கலாட்டா செய்கிறார்கள். காதலி இவ்வளவு திட்டமாட்டாள் என்று சொல்லி வைத்தேன்.

இறுதிப் பட்டியல் வந்துவிட்டது. அடுத்த வாரம் முதல் ஆட்டத்தில் நான் தொடக்கத்தில் இறங்குகிறேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கும் இருந்திருக்க வேண்டும்.

என் அறையில் கூட இருந்தவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, கண்ணாடி என்று கூப்பிடுவோம், அவனும் தொடக்க ஆட்டக்காரன்தான். பயிற்சி ஆட்டங்களில் என்னைவிட அதிக ரன் அடித்தவன். இருந்த ஒரே இடத்துக்கு நாங்கள் இரண்டு பேர். கோச் எங்கள் இருவரையும் உட்காரவைத்து நேராகவே சொல்லிவிட்டார். "ரெண்டு பேரும் ஒரே தரம்தான். இவனுக்குப் பத்தொன்பது, உனக்கு இருபத்திரெண்டு. நான் அடுத்த பத்து வருஷத்தைப் பாக்கணும்ப்பா."

கண்ணாடி தலையாட்டினான். அம்மா, அவன் பிறந்த வருடமும் மாதமும் என்னுடையதுதான். என் உண்மையான மாதம். அவன் என்னைவிடப் பதினோரு நாள் இளையவன்.

அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போனேன். ஏறும்போது என் தோளில் தட்டி, "நல்லா ஆடு தம்பி, உனக்கு வயசு இருக்கு" என்றான். பஸ் கிளம்பிய பிறகும் எனக்கு அங்கிருந்து நகரத் தோன்றவில்லை. மேனேஜர் வந்து விசாரித்தார். வெயில் என்று சொன்னேன்.

இன்னொரு கூத்து. புதுச் சட்டை கொடுத்திருக்கிறார்கள், முதுகில் பெரிய எழுத்தில் பெயர். அதைப் போட்ட நாளிலிருந்து யார் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் சட்டென்று திரும்ப மாட்டேன் என்கிறேன். இரண்டு கேட்ச் விட்டேன். டாக்டரிடம் அனுப்பிக் காதைப் பார்த்தார்கள். காதில் ஒன்றும் இல்லையாம்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

பெரியவன்


பிப்ரவரி 28

அன்புள்ள பெரியவனுக்கு,

கண்ணே, ஆட்டம் பார்த்தேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள், மாடி வீட்டுக்காரர்கள், எங்கள் வரிசைப் பெண்கள் ஆறு பேர் என்று வீடு நிறைந்துவிட்டது. அப்பாவுக்கு உட்கார இடமில்லாமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டே பார்த்தார்.

நீ படியிறங்கி மைதானத்துக்குள் நடந்தபோது ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னார்கள். அத்தனை கூட்டமும் அதைத் திருப்பிச் சொன்னது. சின்னவன் பெயரை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வர்ணனைக்காரர் மட்டும் பதினேழு தடவை சொன்னார், நான் எண்ணினேன். மறு ஒளிபரப்பில் திரும்ப ஒருமுறை எண்ணினேன். நடுவில் ஒருவர் தப்பாக உச்சரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு டிவிக்குள் கையை விட்டிருப்பேன்.

கேமரா உன் பின்னாலேயே வந்ததா, முகம் தெரியவில்லை. முதுகும் பெயரும்தான். நல்ல உயரம். எனக்கு அந்த நேரத்தில்... சரி, அதை விடு.

இப்போது வேலையிலிருந்து வந்ததும் டிவியைப் போட்டுவிடுகிறேன். விளையாட்டுச் செய்தியில் எப்படியும் ஒருமுறை சொல்கிறார்கள். சொல்லாத அன்றைக்கு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறேன், எழுந்து எழுந்து உட்காருகிறேன். அப்பா என்னை ஒருமாதிரி பார்க்கிறார்.

அந்தக் கண்ணாடிப் பையன் விஷயத்தை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அவனுக்கு வேறு வழி கிடைக்கும். அடுத்த ஆட்டத்திலும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குவாய்தானே?

அம்மா


மார்ச் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

நிதானமாகப் படி. பாதியில் கசக்கிப் போட்டுவிடாதே.

கிரிக்கெட் வாரியத்திலிருந்து வந்து எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். வயதை மாற்றிக் கொடுத்தவர்கள் இந்த மாதம் முப்பத்தொன்றுக்குள் தாங்களாக வந்து சொல்லிவிட்டால், ஒரு வருடம் மட்டும் விலக்கி வைப்பார்களாம். அதற்குப் பிறகு சரியான வயதில், சரியான பெயரில் ஆடலாம். பின்னால் பிடிபட்டால் அதோடு சரி, ஆயுளுக்கும் ஆட முடியாது.

நான் சொல்லப் போகிறேன், அம்மா.

இந்த இடம் போய்விடும். கோச்சுக்கு இருபத்துமூன்று வயதில் நான் வேண்டியிருக்குமா என்று தெரியாது. அதெல்லாம் யோசித்துவிட்டேன். கண்ணாடிக்கு போன் செய்தேன். மாமா கடையில் உட்கார்ந்திருக்கிறானாம். என் ஷாட் ஒன்றைப் பாராட்டினான். உடனே போனை வைத்துவிட்டேன்.

எட்டாம் வகுப்பிலிருந்து என்னை ஐந்தாம் வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தீர்களே, முழங்கால் பெஞ்சில் இடித்துக்கொண்டே இருக்கும். ஒன்பது வருடமாக எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

படிவம் இணைத்திருக்கிறேன். பெற்றவர்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே சின்னவனின் இறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். அவன் இறந்ததை நாம் இதுவரை எங்கேயும் பதியவில்லை என்று அப்பா ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது. இறந்த இடம், தேதி எல்லாம் சொன்னால் இப்போதும் பதிந்துவிடலாம், இரண்டு சாட்சி போதும் என்று சொன்னார்கள். பெற்றவர் நேரில் போக வேண்டும்.

எனக்காகச் செய், அம்மா.

பெரியவன்


மார்ச் 14

பெரியவனுக்கு,

உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? ஊரில் உலகத்தில் யாரும் செய்யாததையா நான் செய்துவிட்டேன்? இன்றைக்கு நியாயம் பேசுகிறாய். அன்றைக்கு அந்த அகாடமியில் சேர்த்துக்கொண்டார்கள் என்றதும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியவன் யார்?

அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். பேனாவைத் தேடக்கூட இல்லை, சட்டைப் பையில் தயாராக வைத்திருந்தார். ஒன்பது வருடமாக வைத்திருந்தாரோ என்னவோ. அந்தப் படிவத்தை என் புடவை அடுக்குக்கு அடியில் வைத்துவிட்டேன். அங்கேயே கிடக்கட்டும்.

யார் கேட்டார்கள் உன்னை? யாருக்குத் தெரியும்? ஊமையாக இருக்கிற உன் அப்பாவா சொல்லப் போகிறார்? இவ்வளவு தூரம் வந்து கையில் கிடைத்ததைத் தட்டிவிடாதே. நான் எந்த ஆபீசுக்கும் போகமாட்டேன். அந்த வார்த்தையை எழுதிக் கொடுக்கமாட்டேன். இதற்குமேல் இதைப் பற்றி எழுதுவதாக இருந்தால் கடிதமே வேண்டாம்.

அம்மா


மார்ச் 20

அம்மா,

நீ என் எதிர்காலத்துக்காகத்தான் மறுக்கிறாய் என்று முதலில் நினைத்தேன். பிறகு உன் பழைய கடிதத்தை எடுத்துப் படித்தேன். முதல் ஆட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் எத்தனை ரன் எடுத்தேன் என்று அதில் இல்லை. எப்படி அவுட் ஆனேன் என்று இல்லை. பந்து விலாவில் பட்டு நான் தரையில் உட்கார்ந்தேனே, அதுகூட இல்லை. பதினேழு தடவை பெயர் சொன்னது மட்டும் இருக்கிறது.

நீ யாருடைய ஆட்டத்தைப் பார்த்தாய்?

கோபத்தில் கேட்கவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் வராது. ஆனால் என்னால் அவனுக்காகவும் சேர்த்து வளர முடியவில்லை, அம்மா. கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறபோது நான் ஏதோ அவனை ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறது. அவன் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. உனக்குப் பிள்ளை நான் இருக்கிறேன். நான் உயிரோடு இருக்கிறேன்.

நீ கையெழுத்துப் போடாவிட்டாலும் முப்பத்தொன்றாம் தேதி போய்ச் சொல்லிவிடுவேன். தாள் இல்லாமல் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆயுளுக்கும் தடைதான் விழும் என்கிறார்கள். விழட்டும்.

பெரியவன்


மார்ச் 27

அன்புள்ள பெரியவனுக்கு,

இதோடு படிவமும் சான்றிதழும் இருக்கின்றன. மழையில் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறேன். பத்திரமாகப் பிரி.

உன் கடிதம் வந்து இரண்டு நாள் நான் உன் அப்பாவைப் பாடாய்ப் படுத்திவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் அவர் தலை சீவிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார். "வா, போயிட்டு வந்துடலாம்" என்றார். அவ்வளவுதான். போனேன்.

பதிவு ஆபீசில் ஒரு சின்னப் பெண். பொறுமையாகத்தான் கேட்டாள். என்ன உறவு என்றாள். மகன். எத்தனை வயதில் என்றாள். பதினாலு மாதம். இத்தனை வருடம் ஏன் பதியவில்லை என்றாள். அதற்கு அப்பாதான் பதில் சொன்னார். பிறகு அவள் கட்டம் கட்டமாகப் படித்துக்கொண்டே வந்தாள். இறந்தவரின் தொழில் என்றாள். கிரிக்கெட் ஆட்டக்காரர் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டதடா. அவளே கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டாள்.

நீ கேட்டது சரிதான். நான் அவனைத்தான் பார்த்தேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. நீ முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தபோது, என் சின்னவன் வளர்ந்து ஆளாகி நடக்கிறான் என்று நினைத்தேன். ஊரே அவனைக் கூப்பிடுகிறது என்று நினைத்தேன். உன் விலாவில் அடிபட்டது எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு தாய் இப்படி இருப்பாளா என்று இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

நீ ஒரு வருடம் ஆட முடியாது. என் கையால்தான் உனக்கு இது வந்தது. அதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். விலக்கி வைத்ததும் நீ நேராக வீட்டுக்கு வருவதாக அப்பாவிடம் சொன்னாயாம். இப்போது வராதே. கோபம் இல்லை, சத்தியமாக இல்லை. அந்தக் காய்ச்சல் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில்தான் வந்தது. அவன் போன அன்றைக்கு நீ என் மடியில் நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தாய். நான் அழுதால் நீயும் அழுது மூச்சுத் திணறுவாய் என்று டாக்டர் சொன்னதால் நான் அழவில்லை. நீ பிழைத்து எழுந்தாய், வேலை தேடி இந்த ஊருக்கு வந்தோம், பிறகும் நான் அழவில்லை. அந்த ஆபீஸ் படியில் இறங்கும்போதுதான் ஆரம்பித்தது. இன்னும் நிற்கவில்லை.

நீ வந்து பக்கத்தில் நின்றால் உன் முகத்தைப் பார்த்து மறுபடியும் அழுகையை நிறுத்திவிடுவேன். ஒரு மாதம் கழித்து வா.

அம்மா