நாற்பத்தாறாம் பக்கம்

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே மழை. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து தி.நகர் வர ஒன்றரை மணி நேரம். உஸ்மான் சாலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடை. ஆபீஸில் பத்து மணி வரை கரண்ட் இல்லை.

இந்த வாரம் முழுக்க ஒரே வேலை. நம் பத்திரிகையின் பழைய இதழ்கள் எல்லாம் அடுத்த திங்கள் காலை பத்து மணிக்கு டிஜிட்டலில் திறக்கப்படுகின்றன. ஸ்கேன் ஆன பக்கங்களில் எழுதியவர் பெயர், ஊர் சரியா என்று பார்க்க வேண்டும். பெயரை அடித்துத் தேடினால் அவர் எழுதிய பக்கம் வந்து நிற்குமாம். வாசகர் பக்கத்தை இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறவள் என்பதால் என் தலையில் விழுந்தது.

இதழ் இப்போது போனிலும் டேப்லெட்டிலும் வருவதைப் பற்றி இன்று வந்த போன்கள்:
– மேற்கு மாம்பலம் அம்மாள். கையெல்லாம் மாவு, சமையல் குறிப்பு பாதியில் திரை அணைந்துவிடுகிறது. "மூக்கால தொட்டேம்மா, வேற பக்கம் போயிடுச்சு."
– அடையாறு பெரியவர். பாஸ்வேர்டு மகனிடம் இருக்கிறது. "பத்திரிகை படிக்க எம் பையன்கிட்ட பர்மிஷன் கேட்கணுமா?"
– பெயர் சொல்லாத ஒருவர். குறுக்கெழுத்தைப் பென்சிலால் போட வழி உண்டா?
– முன்பெல்லாம் வீட்டில் நாலு பேர் புத்தகத்துக்குச் சண்டை போடுவார்களாம். இப்போது ஆளுக்கொரு போன். "யாரும் யாரையும் படிச்சியான்னு கேக்கறதில்ல" என்றார் ஒரு டீச்சர். இதை மட்டும் குறித்து வைத்தேன்.

மாலை ஐந்துக்குக் கடைசி போன். மயிலாப்பூர், வசந்தா சேஷாத்ரி. தெரிந்த பெயர். போன மாதம் பாராட்டிக் கடிதம் போட்டவர். கணவருக்குச் சர்க்கரையால் பார்வை மங்கி, அச்சு எழுத்து படிக்க முடியாமல் போய்விட்டது. டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கி மறுபடி படிக்கிறார், மனுஷர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது என்று எழுதியிருந்தார்.

இன்று கேட்டது ஒன்றுதான். "பழசு எல்லாம் வரப்போறதாமே. எல்லாப் பக்கமுமா?"

"எல்லாமேதாங்க."

போனை வைத்துவிட்டார்.

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். குடையை பஸ்ஸில் விட்டேன், கிடைத்துவிட்டது.

வசந்தா அம்மா மறுபடி பேசினார். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய இதழ், பெண்கள் பகுதி, 46ஆம் பக்கம். அதை மட்டும் எடுத்துவிட முடியுமா? கணவர் முதல் இதழிலிருந்து ஒன்றுவிடாமல் படிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். "திங்கட்கிழமைக்குள்ள ஏதாவது பண்ணுவேளா? பேரைப் போடாதீங்கோன்னு அப்பவே எழுதியிருந்தேன். போட்டுட்டா."

பார்க்கிறேன் என்றேன். 

ஸ்கேனைத் திறந்தேன். தலைப்பு: 'பதினான்கு மாதம்'. கீழே முழுப் பெயர், மயிலாப்பூர் என்று ஊரும்.

தன் அப்பாவின் காரியத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போனவர், சொன்ன நாளைவிட நாலு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டார். திரும்பி வந்தபின் கணவர் பதினான்கு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வீடு, ஒரே சமையல். எட்டு வயது மகள் மூலமாகத்தான் எல்லாம். 'அப்பாவுக்கு மோர் வேணுமாம்' என்று குழந்தை வந்து சொல்லும். அவர் ஓரடி தள்ளி உட்கார்ந்திருப்பார். அடித்திருந்தால்கூட அம்மா வீட்டில் காட்டிக் கேட்டிருப்பேன், இதை எதைக் காட்டிச் சொல்வது என்று முடித்திருக்கிறார்.

அந்தக் கையெழுத்துப் பிரதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோடு போட்ட தாள். கடைசித் தாளின் பின்பக்கம், பென்சிலில்: 'தயவுசெய்து என் பெயரை வெளியிட வேண்டாம்.' அச்சான புத்தகம் மேசைக்கு வந்த பிறகுதான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். வேலைக்கு வந்து நாலாவது வருடம். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தாளைக் கிழித்துப் போட்டேன்.

இதுவரை இதை எங்கேயும் எழுதியதில்லை. இன்றுதான்.

நவம்பர் 5, புதன்

வெயில், புழுக்கம். மதியம் பர்மிஷன் போட்டு மயிலாப்பூர். தெற்கு மாட வீதி ஹோட்டலில் சந்திப்பு. வசந்தா அம்மாவுக்கு அறுபது இருக்கும். ரிடயர்டு கணக்கு டீச்சர். காபியைத் தொடவேயில்லை.

அந்த இதழ் வந்த வாரம் என்ன செய்தார் என்று சொன்னார். வீட்டுக்கு வந்த புத்தகத்தில் அந்தத் தாளை பிளேடால் எடுத்தார். கீழ் வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கி அதிலும். வாடகை நூலகத்தில் நின்றுகொண்டே அதிலும். கணவர் முடி வெட்டிக்கொள்ளும் கடைக்கு மகளைக் கூட்டிப்போவதுபோல் போய் அதிலும். "நாலே நாலு புக். முடிஞ்சுடுத்து. இப்ப எந்த பிளேடு எடுத்துண்டு போவேன், சொல்லுங்கோ?"

"இப்ப படிச்சா என்னம்மா செய்வார்? வயசாயிடுச்சே."

"பேசாம இருந்துடுவார். பழையபடி. பொண்ணு கனடால இருக்கா. ஆத்துல நாங்க ரெண்டு பேர்தான். தூது போகக்கூட ஆள் இல்லை."

பிறகு அவர் சொன்னதுதான் இப்போதும் காதில். "பேர் வேண்டாம்னு எழுதினேனா இல்லையான்னே எனக்கு சந்தேகம் வந்துடுத்து. எழுதியிருந்தா போட்டிருப்பாளா? நான்தான் மறந்துட்டேனோன்னு இத்தனை வருஷமா…"

சொல்ல வாய் எடுத்தேன். சர்வர் பில்லைக் கொண்டுவந்து வைத்தார். சொல்லவில்லை.

வெளியே பேப்பர் கடைக்காரர்: "இன்னாமா, உங்க புக்கு இனிமே போன்லதான் கீதாமே? நான் இன்னாத்த தொங்க வுடறது?" அச்சும் வரும் என்றேன். அவர் நம்பவில்லை.

நவம்பர் 6, வியாழன்

காலை முழுக்க மழை. எடிட்டர் அறைக்குள் போகுமுன் இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன்.

ஒரு வாசகி ஒரு பக்கத்தை எடுக்கச் சொல்கிறார், பெயர் வேண்டாம் என்று அப்போதே சொன்னாராம் என்று மட்டும் சொன்னேன்.

"நூர்ஜஹான் மேடம், ஒருத்தருக்கு எடுத்தா நாளைக்கு அரசியல்வாதி கேப்பார், நடிகர் கேப்பார். அப்புறம் பழைய இதழ்னு எதைக் காட்டறது?" நியாயமான மனிதர்தான். "பேர் வேண்டாம்னு சொன்னாங்கன்றீங்க. ஆதாரம் ஏதாவது இருக்கா? லெட்டர்?"

"இல்ல சார்."

அந்த ஆதாரம் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது.

வீட்டில் காதரிடம் சொன்னேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக. டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "வேலைய விட்டு எடுத்துடுவாங்களா?"

"தெரியல."

"எடுத்தா பாத்துக்கலாம். அந்தம்மாவுக்குச் சொன்னியா?"

இல்லை என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நவம்பர் 7, வெள்ளி

மழை இல்லை. 

பதினொன்றுக்கு எடிட்டரிடம் எல்லாம் சொன்னேன். பென்சில் எழுத்து, பின்பக்கம், கிழித்தது. நின்றுகொண்டே. அவர் கண்ணாடியைக் கழற்றினார். 

"தப்பு யாருக்கும் வரும். அடுத்த வாரமே ஒரு வருத்தம் போட்டிருக்கலாமே மேடம். வேற பேருக்கு மாத்தியிருக்கலாம். எதுவுமே பண்ணாம விட்டுட்டீங்களே."



பக்கத்தை எடுக்கச் சொன்னார். என்னைப் பற்றி திங்களுக்குப் பிறகு பேசலாம் என்றார்.

கம்ப்யூட்டர் பிரிவு பிரகாஷிடம் ஓடினேன். இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டார். அப்பாடா என்று உட்கார்ந்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். பழைய சந்தாதாரருங்களுக்கு மட்டும் புதன்கிழமையே தொறந்து வுட்டுட்டோம். சும்மா டெஸ்டிங்குக்கு."

"யார் யாருக்கு?"

பட்டியல். சேஷாத்ரி, மயிலாப்பூர். இருக்கிறார்.

"அவர் படிச்சாரான்னு தெரியுமா?"

"தெரியுமே. எந்தப் பக்கம், எம்மா நேரம், எல்லாம் காட்டும்." திருப்பிக் காட்டினார். முதல் இதழைத் திறக்கவே இல்லை. மனைவியின் பெயரை அடித்துத் தேடியிருக்கிறார். 46ஆம் பக்கம். வியாழன் மாலை 4.10. பத்தொன்பது நிமிடம். மறுபடி 6.30. மறுபடி இன்று காலை.

தன் மனைவி பெயரை ஏன் தேடினார்? ஆசையாகத்தான் இருக்கும். பாராட்டுக் கடிதம் எழுதியவள், முன்பும் ஏதாவது எழுதியிருப்பாள் என்று.

அச்சுப் புத்தகத்தை யார் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள் என்று நமக்கு எப்போதாவது தெரிந்ததா? தெரியாமலே இருந்திருக்கலாம். 

வசந்தா அம்மாவுக்கு நாலு தடவை போன். எடுக்கவில்லை.

நவம்பர் 8, சனி

மப்பு. ஆட்டோ பிடித்து நேரே வீட்டுக்கே போய்விட்டேன். கபாலீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் பழைய ஃப்ளாட், முதல் மாடி.

கதவைத் திறந்தது வசந்தா அம்மா. கண் வீங்கியிருந்தது. "வாங்கோ" என்றார். அவ்வளவுதான்.

ஹாலில் அவர். மெலிந்த, உயரமான மனிதர். முகத்துக்கு நெருக்கமாக டேப்லெட். ஒரு வரிக்கு மூன்று சொல் மட்டும் தெரியும் அளவுக்குப் பெரிய எழுத்து. பத்திரிகை ஆபீஸ் என்றதும் கீழே வைத்தார்.

"நேத்து சாயங்காலம் பார்த்தேன். 45க்கு அப்பறம் 47 வரது. எடுத்துட்டேளா?"

"ஆமா சார்."

"எடுத்தா ஆச்சா? படிச்சவா படிச்சாச்சு. அதெல்லாம் பொய்னு அவளை எழுதித் தரச் சொல்லுங்கோ. அதை அடுத்த வாரம் போடுங்கோ."

வசந்தா அம்மா அவருக்கு மூன்றடி தள்ளி, ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்திருந்தார். கணவர் என்னையே பார்த்துக்கொண்டு பேசினார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. இரண்டு நாளாகத் தூதுக்கு ஆள் இல்லாமல் இருந்திருக்கிறார். நான் போய் நின்றேன்.

"நீங்களே சொல்லுங்க சார். பக்கத்துலதான இருக்காங்க."

"உங்ககிட்டதான் பேசிண்டிருக்கேன்."

 அவர் பக்கம் திரும்பாமல், வசந்தா அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, பேர் வேண்டாம்னு நீங்க எழுதியிருந்தீங்க. கடைசித் தாளோட பின்னாடி, பென்சில்ல. நான்தான் பாக்காம விட்டேன். புக் வந்தப்புறம் பாத்து, அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டேன். புதன்கிழமையே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தேன்.

"பென்சிலா?"

"பென்சில்தாம்மா."

"அப்போ எழுதியிருக்கேன்." தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "எழுதித்தான் இருக்கேன்."

என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து போய்க் கணவரின் நாற்காலிக்கு எதிரே நின்றார். "அதுல ஒரு வரிகூடப் பொய் இல்லை. உங்களுக்கும் தெரியும்."

அவர் டேப்லெட்டை எடுத்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார். திரை அணைந்திருந்தது.

வாசல் வரை வந்தார் வசந்தா அம்மா. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் எதிர்பார்ப்பு இல்லை, இருந்தது, இல்லை. "அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போடுங்கோ" என்றார். "பேரோட."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. உங்க பொண்ணு பாப்பாங்க, தெரிஞ்சவங்க பாப்பாங்க."

"பொண்ணுக்கு நான் சொல்லிக்கறேன். அவதானே மோர் கொண்டுபோய்க் குடுத்தா. அவளுக்குத் தெரியாததா?"

நவம்பர் 9, ஞாயிறு

மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை.

எடிட்டருக்கு வீட்டிலிருந்து போன். "வெள்ளிக்கிழமை எடுக்கணும்னீங்க. ஞாயித்துக்கிழமை போடணும்ங்கறீங்க." எரிச்சல் நியாயம். "இந்தத் தடவை எழுத்துல வாங்குங்க. வாங்கிட்டு எனக்கு அனுப்புங்க."

வசந்தா அம்மா அரை மணியில் தாளைப் படம் பிடித்து அனுப்பினார். நீல மையில், பெயரோடு வெளியிடலாம் என்று. கையெழுத்தில் ஒரு நடுக்கம் இல்லை.

எடிட்டர் இன்னொன்றும் சொன்னார். அந்தப் பக்கத்தோடு பத்திரிகையின் வருத்தமும் வர வேண்டும். நீங்களே எழுதுங்கள் என்றார்.

ஐந்து தடவை எழுதினேன். முதலில் வந்ததில் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று இருந்தது. அடித்தேன். கடைசியில்: 'தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று இந்தக் கட்டுரையாளர் அப்போது எழுத்தில் கேட்டிருந்தார். கவனிக்காமல் வெளியிட்டோம், தெரிந்த பிறகும் மறைத்தோம். தவறு எங்களுடையது.'

காதர் படித்துவிட்டு, "வெளியிட்டோமா? வெளியிட்டேனா?" என்றார்.

'-ஓம்' எல்லாவற்றையும் '-ஏன்' ஆக்கி, 'எங்களுடையது' என்பதை 'என்னுடையது' ஆக்கி, அடியில் என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

நவம்பர் 10, திங்கள்

வானம் வெளுத்திருக்கிறது. சீக்கிரமே ஆபீஸ். பிரகாஷ் பக்கத்தை ஏற்றினார், கீழே என் நாலு வரி. "மேடம், உங்க பேரு தேடினா இதான் மொதல்ல வரும். பரவால்லியா?" பரவாயில்லை என்றேன். உள்ளே அப்படி இல்லை.

பத்துக்குத் திறந்தது. எடிட்டர் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். என்ன சொல்வார், தெரியாது.

பத்தரைக்கு வசந்தா அம்மாவுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் குக்கர் சத்தம்.

"பாத்தீங்களா அம்மா?"

"பார்த்தேன். பெருசு பண்ணி அவர் கையில குடுத்துட்டேன்."

"பேசினாரா?"

"இல்லை."

 அவரே தொடர்ந்தார்.

"அவர் பேசலேன்னா என்ன. நான் பேசிண்டுதான் இருக்கேன். காலைலேர்ந்து நிறுத்தவே இல்லை. அப்பா காரியத்துல ஆரம்பிச்சேன், இன்னும் நாலாவது நாளுக்கே வரலை. இருங்கோ, சாதம் வெச்சுட்டு மிச்சத்தைச் சொல்லணும்."

வைத்துவிட்டார்.