படிவத்தின் கடைசிக் கட்டம்

மே 3, ஞாயிறு

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. கரண்ட் 10 முதல் 12 வரை இல்லை.

இனியாவின் கோடை முகாம் படிவம் வந்துவிட்டது. மேகமலை. ஐந்து பகல், நான்கு இரவு. அடுத்த திங்கள் காலை ஆறரைக்குத் தேனியிலிருந்து பஸ். அவளுக்கு ஒன்பது வயது. நாங்கள் இரண்டு பேரும் இல்லாமல் இதுவரை ஓர் இரவுகூடத் தூங்கியதில்லை.

அவர்கள் கேட்டவை: ஸ்வெட்டர், டார்ச், தொப்பி, தட்டு, டம்ளர், போர்வை, ஐந்து நாள் துணி. செல்போன் கூடாது. நொறுக்குத்தீனி கூடாது.

நான் சேர்த்தவை: விசில், பத்து மீட்டர் கயிறு, அட்டைப்பூச்சிக்கு மூக்குப்பொடி, இன்னொரு டார்ச்.

செல்வி வெளியே எடுத்துப் போட்டவை: விசில், கயிறு, மூக்குப்பொடி, இன்னொரு டார்ச்.

படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம். ‘குழந்தையைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஏதேனும்.’ நான்கு கோடு இடம் விட்டிருக்கிறார்கள்.

இருக்கிறது. இனியா தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுவாள். தினமும் இல்லை. வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு. டாக்டரிடம் காட்டியாயிற்று. உடம்பில் ஒரு குறையும் இல்லை, தானாக நின்றுவிடும் என்றார். எப்போது என்று கேட்டதற்குச் சிரித்தார்.

கட்டத்தை அப்படியே விட்டு, படிவத்தை டி.வி.க்கு அடியில் வைத்தேன்.

மே 4, திங்கள்

உத்தமபாளையம் தாண்டி ஒரு திராட்சைத் தோட்டம். நாங்கள் போட்ட சொட்டுநீர்க் குழாயில் மூன்று இடத்தில் ஒழுக்கு. எலி கடித்திருக்கிறது. மாற்றிக் கொடுத்துவிட்டு வர மதியம் மூன்று. சாப்பாடு ஆறிப்போய்.

செல்வி படிவத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாள். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். ஊரே டப்பாவில் கொண்டுவந்து கொடுப்பதை வாங்கி, பெயர் எழுதி, வரிசையாக அடுக்குகிறவள். அவளுக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு இருக்கிறது.

இனியா அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“எழுதினா நான் போக மாட்டேன். ஹரிணிக்குத் தெரிஞ்சிரும்.”

ஹரிணி பக்கத்துத் தெரு. இவள் வகுப்பு, இதே முகாம். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் படுப்பது என்று மார்ச் மாதமே முடிவாகிவிட்டது. ஹரிணியின் அப்பா முருகேசன், பழனிசெட்டிபட்டி மெயின் ரோட்டில் பெயிண்ட் கடை. நல்ல மனிதர். அவரிடம் ஒரு சேதியைச் சொல்லிவிட்டு நான் பைக்கை எடுத்தால், கம்பத்துக்கு எனக்கு முன்னால் சேதி போய் நிற்கும்.

அம்மாவுக்கும் மகளுக்கும் பொதுவாக, கட்டத்தில் பென்சிலால் ‘அன்பான குழந்தை’ என்று எழுதினேன். செல்வி ரப்பரைத் தேடி எடுத்து வந்து கொடுத்தாள்.

கடைசியில் ஓர் ஏற்பாடு. ஏழு மணிக்கு மேல் தண்ணீர் இரண்டு மடக்கு. படுக்குமுன் இரண்டு தடவை போக வேண்டும், வராவிட்டாலும். நனையாத நாளுக்குக் காலண்டரில் ஒரு வட்டம். ஏழு வட்டம் சேர்ந்தால் எதுவும் எழுத வேண்டியதில்லை. இனியா ஒப்புக்கொண்டாள். இன்று காலை நனையவில்லையே, இன்றைய தேதிக்கு இப்போதே வட்டம் போடலாமா என்று கேட்டாள். போட்டாள்.

மே 6, புதன்

மேகமூட்டம். மழை சின்னமனூரோடு நின்றுவிட்டது. வீரபாண்டித் திருவிழாவுக்கு ராட்டினம் ஏற்றிய லாரிகள். பாலத்தில் அரை மணி நேரம் நின்றேன்.

மூன்று வட்டம். இனியாவின் நடையே மாறிவிட்டது.

சாயங்காலம் முருகேசன் வந்தார், பஸ் எங்கே நிற்கும் என்று கேட்க. போனில் கேட்டிருக்கலாம். பேசிக்கொண்டே காலண்டர் பக்கம் போனார். இந்த வட்டமெல்லாம் என்ன மாப்ள என்றார். பால் வராத நாள் என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. தொடர்ந்து மூன்று நாள் வரவில்லையா, உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே பால்காரர்தானே, எங்களுக்கு ஊற்றுகிறாரே என்றார்.

இனியா அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே சிரிப்புச் சத்தம்.

மே 7, வியாழன்

நான்கு வட்டம். இருந்தும் மனசு கேட்கவில்லை.

காலை பதினொன்றுக்கு எங்கள் சொட்டுநீர்க் கடையிலிருந்து முகாம் எண்ணுக்குக் கூப்பிட்டேன். ரெஜினா என்று ஒரு பெண் எடுத்தார், பிள்ளைகளோடு தங்கும் அக்கா. விஷயத்தைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வாய் வரவில்லை. நான் தண்ணீர்க் குழாய் வேலை தெரிந்தவன், உங்கள் முகாமில் பழுது ஏதும் இருந்தால் ஐந்து நாளும் அங்கேயே தங்கி இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்றேன். குழாய் எல்லாம் நன்றாக இருக்கிறது சார் என்றார். ஒரு பாதுகாப்புக்கு என்றேன்.  பிள்ளைகள் முதல் நாள் கொஞ்சம் அழும், அப்புறம் சரியாகிவிடும், அப்பாக்களுக்குத்தான் நாளாகும் என்றார்.

மத்தியானம் செல்வி போனில் கேட்டாள்: “மலையில குழாய் வேலைக்கு மனுப் போட்டீகளாமே?”

முகாமிலிருந்து இவளைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று.

மே 8, வெள்ளி

ஐந்து வட்டம். ஆனால் இதில் என் பங்கு ஒன்றும் இல்லை.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்திருந்தேன், இனியாவை எழுப்பிப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போக. லைட் போட்டால் தூக்கம் கலைந்துவிடும் என்று இருட்டிலேயே கையைப் பிடித்துத் தூக்கி நடத்திக்கொண்டு போனேன். பேசாமல் கூடவே வந்தாள். இந்த வயதில் இவ்வளவு வளர்த்தியா என்று பாத்ரூம் வாசலில்தான் தோன்றியது. கூட்டிக்கொண்டு போனது செல்வியை. யாரோ இறந்துவிட்டார்கள், எழுப்பிக் கூட்டிப் போகிறேன் என்று நினைத்து வந்தாளாம். காலையில் டீ வரவில்லை.

பையில் எல்லாம் அடுக்கியாயிற்று. இனியாவே ஒரு பட்டியல் எழுதிப் பைக்குள் ஒட்டியிருக்கிறாள். கடைசி வரி: ‘அம்மா அப்பா போட்டோ (சின்னது போதும்)’.

மே 9, சனி

போயிற்று.

காலை ஆறு மணிக்கு இனியாவே விரிப்பைச் சுருட்டி வாளியில் போட்டிருந்தாள். அழவில்லை. பையைத் திறந்து ஸ்வெட்டரை பீரோவில் வைத்தாள். டார்ச்சை அலமாரியில். தட்டையும் டம்ளரையும் அடுப்படியில். கடைசியாகப் போட்டோவை. பிறகு என்னிடம் வந்து, திங்கள் முதல் வெள்ளி வரை தனக்கு வயிற்றுவலி இருக்கும், ஹரிணி வீட்டில் அப்படியே சொல்லிவிடும்படி சொன்னாள்.

செல்வி ஏழரைக்கே வேலைக்குப் போயிருந்தாள். போகும்போது, நீங்க பேசுங்க, நான் சொன்னா டாக்டர் சொல்ற மாதிரி இருக்கு என்றாள்.

விரிப்பைப் பிழிந்து மாடிக்கு எடுத்துப் போனேன். இனியா மறுமுனையைப் பிடிக்க வந்தாள். கொடியில் போட்டு க்ளிப் மாட்டினோம். கால் சுட்டது, தண்ணீர்த் தொட்டி நிழலில் போய் நின்றோம். அங்கே நின்றபடி அதைச் சொல்லிவிட்டேன். செல்விக்குக்கூடச் சொன்னதில்லை. யாருக்குமே.

எனக்கு அது பன்னிரண்டு வயது வரை இருந்தது. ஆறாம் வகுப்பில் சாரணர் முகாம், சுருளி அருவிப் பக்கம், ஓட்டுக் கட்டடத்தில் முப்பது பையன்கள் வரிசையாகப் படுக்கை. விடியுமுன் முழிப்பு வந்தது. நனைந்திருந்தது. மூலையில் குடிக்க வைத்திருந்த பெரிய குடம். அதைத் தூக்கி என் பாயில் ஊற்றினேன். என் பாய் மட்டும் நனைந்திருந்தால் சந்தேகம் வருமே. பக்கத்துப் பாயிலும் ஊற்றினேன். அதற்குப் பக்கத்திலும். குடம் காலியாகும்வரை ஊற்றிவிட்டு, ‘மழை, மழை’ என்று கத்தினேன். முப்பது பேரும் அலறி எழுந்தார்கள். பி.டி. சார் எழுந்து கூரை ஒழுகுகிறது என்று முடிவுசெய்தார். விடிந்ததும் ஏணி போட்டு மேலே ஏறி, காலை பூராவும் ஒவ்வொரு ஓடாகத் தூக்கிப் பார்த்தார். வெளியே மண் காய்ந்து கிடந்தது. அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

இனியா சிரிக்கவில்லை. விசாரணை நடத்தினாள். குடம் எத்தனை லிட்டர். சார் மேலேயும் ஊற்றினேனா. (ஊற்றினேன், கால் பக்கம்.) அவர் எத்தனை ஓடு மாற்றினார். மாட்டிக்கொண்டேனா. அப்புறம் எப்படி நின்றது.

எப்படி நின்றது என்று தெரியவில்லை, ஒரு நாள் பார்த்தால் ரொம்ப நாளாக இல்லை என்றேன்.

ஓடிப்போய் விரிப்பு காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

“பேசாம சார்கிட்டச் சொல்லிருக்கலாம்லப்பா. பாவம், ஓட்டு மேல ஏறிருக்காரு.”

முப்பது வருஷத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை.

சாப்பிட்டுவிட்டுச் சின்னமனூருக்குக் கிளம்பும்போது பார்த்தேன். பீரோவிலிருந்து ஸ்வெட்டர் மறுபடி பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

மே 10, ஞாயிறு

நல்ல மழை, அரை மணி நேரம். தெருவில் பிள்ளைகள்.

வட்டம் உண்டு. ஆனால் இனியா போடவில்லை. மறந்துவிட்டாளாம்.

படிவம். கட்டத்தைக் காலியாக விடச் சொன்னாள். பஸ்ஸில் ஏறும்போது அந்த அக்காவிடம் தானே சொல்லிக்கொள்வதாக. ஹரிணிக்கு? ‘பார்ப்போம்.’ செல்வி என்னைப் பார்த்தாள். என்ன மந்திரம் போட்டீர்கள் என்று கேட்டாள். பொதுவாகத் தைரியம் சொன்னேன் என்றேன்.

பை எடை பார்த்தோம். ஏழு கிலோ. மூக்குப்பொடியை அடியில் மறைத்து வைத்தேன். செல்வி அடியிலிருந்து எடுத்தாள்.

மே 11, திங்கள்

ஐந்தேகாலுக்கே பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டோம். பஸ் ஆறு ஐம்பதுக்கு வந்தது. முருகேசன் குடும்பத்தோடு வேனில். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஹரிணி தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ரெஜினா பட்டியலை வைத்துப் பெயர் கூப்பிட்டார். இருபத்தைந்து வயது இருக்கும், தலையில் தொப்பி, கழுத்தில் விசில். (விசில் தேவை என்று நான் சொன்னேன்.) இனியா நேரே போய் அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். காதில் சொல்ல ஆரம்பித்தாள்.

ஒரே வரி விஷயம். முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இனியா கையை அகட்டி ஏதோ உருண்டையாகக் காட்டினாள். பிறகு ஊற்றுவது போல் காட்டினாள். பிறகு ஏணி. அந்தப் பெண் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது.

படிவத்தை வாங்க என்னிடம் வந்தார். கடைசிக் கட்டத்தைப் பார்த்தார். முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னார்:

“எங்க கேம்ப்ல கூரை ஒழுகாது சார். கவலப்படாம போங்க.”

முருகேசன் பக்கத்தில்தான் நின்றார். கூரைக்கு என்ன மாப்ள என்றார். மழைக்காலம் ஆரம்பிக்கப் போகிறதே, அதற்காக விசாரித்தேன் என்றேன். அவர் உடனே கூரைக்கு அடிக்கும் பெயிண்ட் பற்றி ஆரம்பித்தார். பஸ் கிளம்பும்வரை நிறுத்தவில்லை. ஜன்னலில் இனியா கையாட்டினாள். பஸ் திரும்புமுன்பே உள்பக்கம் திரும்பி ஹரிணியோடு பேச ஆரம்பித்துவிட்டாள்.

 வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தியதும் செல்வி கேட்டாள்: “என்ன கூரை?”

சொன்னேன். பூட்டைத் திறக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எதிர்வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வேலைக்கு இருபது நிமிடம் தாமதம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை கூப்பிட்டாள். பேச்சு வரவில்லை, சிரிப்புத்தான்.

மே 12, செவ்வாய்

கம்பத்தில் வாழைத் தோட்டத்துக்குக் கணக்கெடுப்பு. திரும்பும்போது சின்னமனூரில் மேகமலைப் பாதை பிரியும் இடத்தில் பைக் தானாக நின்றது. அப்படித்தான் செல்வியிடம் சொன்னேன். டீ குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஏழு மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போன என்னைப் பார்த்துச் செல்வி ‘ரெண்டு மடக்கு’ என்றாள்.

டி.வி. ரிமோட் எங்கள் கையில். என்ன பார்ப்பது என்று தெரியவில்லை.

மே 13, புதன்

வெயில். காற்று இல்லை.

இன்று ஆளுக்கு இரண்டு நிமிடம் போன் பேச விடுவார்கள், டவர் கிடைக்கும் மேட்டுக்குக் கூட்டி வந்து. மாலை நான்கு முதல் ஐந்து. மூன்றரையிலிருந்து கடையில் ஒரு வேலையும் பார்க்கவில்லை. நான்கு இருபதுக்கு வந்தது.

குளிருகிறதாம். கஞ்சி கொடுத்தார்களாம், சாப்பிட்டாளாம் (வீட்டில் கஞ்சிக்கு வாந்தி). காட்டு மாடு பார்த்தார்களாம், தூரத்தில். ஹரிணி காலில் அட்டை, இவள்தான் உப்பு வைத்து எடுத்தாளாம். நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை.  ஒன்றரை நிமிடம் ஆகிவிட்டது. பின்னால் யாரோ அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

“அப்பா, நேத்து ஒருக்கா ஆயிருச்சு. அக்காகிட்டச் சொன்னேன், வேற விரிப்புக் குடுத்தாக. ஹரிணிதான் கூட வந்து காயப் போட்டா. சரி, வைக்கிறேன், அங்கன எனக்காக எல்லாரும் நிக்கிறாக.”

வைத்துவிட்டாள்.

செல்வியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அழுதாளா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

“நீங்க?”

கடையில் ஆள் வந்திருக்கிறது, வைக்கிறேன் என்றேன்.