மஸ்கட்டிலிருந்து வந்த கார்கள்

அருமனை
4 மே 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இந்தக் குடிமறப்பு இல்லத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கடிதம் எழுதலாம். வார்டன் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். படிக்கட்டும்.

நான் குடிப்பதில்லை. அது உங்களுக்கும் தெரியும். பல் தேய்த்துக்கொண்டிருந்தவனை இரண்டு பேர் வேனில் தூக்கிப் போட்டபோது நீங்கள் கிணற்றடியில் முதுகைக் காட்டி நின்றீர்கள். பங்குனியில் ரஷ்மியைப் பெண்பார்க்க வந்த மாப்பிள்ளையின் அத்தை என் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அலமாரி நிறையப் பந்தயக் கார் பொம்மைகள். "பொண்ணுக்க அண்ணனுக்கு எதும் கோளாறு உண்டா?" என்று கேட்டாள். சித்திரை பிறந்ததும் என்னை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டீர்கள்.

நாராயணபெருமாள் சித்தப்பா வேட்டி அவிழ்ந்து பஸ் ஸ்டாண்டில் கிடப்பதை ஊரே பார்க்கிறது. ரஷ்மி கல்யாணத்தில் அவர் முன்வரிசையில் உட்காருவார். அவரை யாரும் வேனில் ஏற்றவில்லை. ஷோரூம் வேலையை விட்டுவிட்டு, முப்பத்தொரு வயதில் சின்னக் கார் சேர்க்கிறவன்தான் அசிங்கம்.

பக்கத்துக் கட்டிலில் ஸ்டெனி. மணவாளக்குறிச்சியில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன், நிஜமாகவே குடித்து வந்தவன். "காரு வாங்குனதுக்கா பிடிச்சுப் போட்டாவ? எங்க ஊருல காரு வாங்குனா மாலல்லா போடுவாவ" என்கிறான்.

சேர்த்துவிட்டவர் கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்களாம். வந்து போடுங்கள் அப்பா.

உங்கள் மகன்,
ஆனந்தகிருஷ்ணன்


தோவாளை
12 மே 2025

அன்பு மகன் ஆனந்துக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கன்னிப்பூ நெல்லுக்கு உழவு போட்டாயிற்று. நீ போனதிலிருந்து அம்மா புளிக்கறி வைக்கவில்லை. அது உனக்குப் பிடித்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தண்டிப்பதற்காக உன்னை அங்கே விடவில்லை மக்கா. கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்திருக்கும் தகப்பன் நாலு பேர் பேச்சுக்குப் பயந்துதான் ஆக வேண்டும். கையெழுத்துக்கு என்ன அவசரம், டாக்டர் சொல்லட்டும். அவர் எனக்கு ஒரு காரியம் சொன்னார். பையனிடம் அந்தக் கார்களைப் பற்றிக் கேளுங்கள், மனசு திறப்பான் என்றார். யோசித்துப் பார்த்தால் நான் ஒருநாளும் உன்னிடம் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். அதில் அப்படி என்ன இருக்கிறது? எழுது.

அன்பு அப்பா,
ஆறுமுகப்பெருமாள்


அருமனை
18 மே 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பா,

நீங்கள் கேட்டதை மூன்று தடவை வாசித்தேன்.

மேல் தட்டில் இடது ஓரம் சிவப்பும் வெள்ளையுமாக நிற்பது போர்ஷே 917. கதவில் 23 என்று எண் இருக்கும். பிரான்சில் லெ மான் என்ற ஊரில் மழையோடு மழையாக ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஓடி, 1970இல் ஜெயித்த வண்டி. அதை நாற்பத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும். விளக்கில் பிடித்துப் பாருங்கள், சக்கரத்துக்குப் பின்னால் அன்றைக்குத் தெறித்த சேறுகூட இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஆப்பு மாதிரி இருப்பது லான்சியா ஸ்ட்ராடோஸ். மலைப்பாதைப் பந்தயங்களுக்கென்றே செய்தது.

மெக்கானிக்கல் படித்தேன். ஷோரூமில் டை கட்டி நின்று, கார் வாங்க வருகிறவனுக்குக் காபி கொடுத்தேன், கதவு திறந்துவிட்டேன். ஒரு நாளும் யாரும் என்னை எஞ்சினைத் தொடவிடவில்லை. இந்தக் கார்களை நான் யாருக்கும் விற்க வேண்டாம், யாருக்கும் கதவு திறந்துவிட வேண்டாம். அவ்வளவுதான் அப்பா, வேறு பைத்தியம் இல்லை.

ஒவ்வொரு காருக்கும் மேலே இருக்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் திருகு இருக்கும். கழற்றாதீர்கள். அந்த எண்ணும் எழுத்தும் சவ்வு மாதிரி ஒட்டியவை, துடைத்தால் உரிந்து வந்துவிடும். சேர்க்கிற யாரும் மூடியைத் திறப்பதில்லை.

மாத்திரையால் நாக்கு தடித்துக் கிடக்கிறது. இருந்தும் இன்று ஸ்டெனியிடம் வெகுநேரம் பேசினேன். கையெழுத்தை மறந்துவிடாதீர்கள்.

ஆனந்த்


தோவாளை
3 ஜூன் 2025

அன்பு மகன் ஆனந்துக்கு,

நல்ல சேதி. மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வந்து பேசி முடித்தார்கள். ஆனி இருபதில் கல்யாணம்.

உன்னைப் பற்றிக் கேட்பார்களே என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்போது உன் கடிதத்தை எடுத்து வாசித்ததில் ஒரு யோசனை வந்தது. கார்களையெல்லாம் ஹாலில் கண்ணாடி அலமாரியில் அடுக்கினேன். மூடியோடு பார்க்கக் கடைச் சரக்கு மாதிரி இருந்தது. நீ வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தாய், ஆனாலும் திருகைக் கழற்றிவிட்டேன். சேற்றைத் தேய்த்துக் கழுவினேன். அம்மா தேங்காயெண்ணெய் போட்டு மினுக்கினாள். இரண்டு மூன்றில் எண் போய்விட்டது, தூரத்தில் தெரியவில்லை.

பையன் மஸ்கட்டில் பெரிய கார் கம்பெனியில் இருக்கிறான், இதெல்லாம் அங்கிருந்து கொண்டுவந்தவை என்றேன். லெ மான், மழை, மலைப்பாதை என்று நீ எழுதியதை அப்படியே சொன்னேன். அதே அத்தைதான், "அண்ணைக்கு லீவுல வந்திருந்தானா? நீங்க சொல்லவே இல்லியே. நல்ல ரசனையுள்ள பய" என்றாள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா மக்கா.

நீ இல்லாமல் தங்கச்சி கல்யாணமா? முந்தின நாள் நானே வந்து உன்னைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கொண்டுவிடுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் அங்கே வந்து உன்னை அழைத்துப்போவார்கள். நாகர்கோவிலில் புது சூட்கேஸ் வாங்கிவிட்டேன். செண்டும் பால்பவுடர் டின்னும் அதில் இருக்கின்றன.

அன்பு அப்பா


அருமனை
8 ஜூன் 2025, ஞாயிறு

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்டெனிக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தான். பிறகு எழுந்து வெளியே போய்விட்டான்.

கார்கள் பாழாய்ப் போனதில் வருத்தமா என்று வார்டன் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று சொன்னார்.

ரஷ்மிக்காக வருகிறேன். மஸ்கட்டில் எந்தத் தெருவில் இருக்கிறேன், என்ன வேலை, யாரோடு தங்கியிருக்கிறேன் என்று எழுதி அனுப்புங்கள். மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. மஸ்கட்காரன் லீவு முடிந்தால் திரும்பிப் போக வேண்டும். நான் எங்கே போவது?

ஆனந்தகிருஷ்ணன்


தோவாளை
16 ஜூன் 2025

அன்பு மகன் ஆனந்துக்கு,

எல்லோரும் சுகம். ரஷ்மிக்குப் புடவை எடுத்தாயிற்று. உனக்கும் ஒரு சட்டை எடுத்தேன், அளவு பழையதுதான்.

நீ கேட்டதை நானும் யோசித்தேன். பதினைந்து நாள் லீவு என்று சொல்லி வைத்திருக்கிறேன். லீவு முடிகிற அன்றைக்கு மாப்பிள்ளையே விமான நிலையம் வரை காரோட்டி வந்து வழியனுப்புகிறேன் என்கிறார். சின்ன வயசு, ஆசையாகச் சொல்கிறார், வேண்டாமென்றால் நன்றாக இருக்காது. நீ பெட்டியோடு உள்ளே போகிற கூட்டத்தோடு சேர்ந்து கையைக் காட்டு. அவர்கள் காரைத் திருப்பியதும் இல்லத்து வேன் வரும். இந்த முறை யாரும் உன்னைத் தூக்க மாட்டார்கள், நீயே ஏறிக்கொள்ளலாம்.

வார்டனிடம் பேசிவிட்டேன். அதுவரை உன் கட்டிலை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்களாம்.

உடம்பைப் பார்த்துக்கொள் மக்கா.

அன்பு அப்பா,
ஆறுமுகப்பெருமாள்